தூவிப் போர்வை தோய்த்த சனிக்கிழமை

காலை பத்து மணி இருக்கும். கதவைத் திறந்தால் ஒரு பெரிய வெள்ளை மூட்டை நிற்கிறது. மூட்டைக்குக் கீழே இரண்டு கால்கள். மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "அன்ரி, இதைத் தோய்க்கலாமோ?"

கீழ்மாடிப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஸ்காபரோவில் முதல் குளிர்காலத்தை ஒருமாதிரிக் கடந்து ஏப்ரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கையில் இருந்தது யாரோ வீடு மாறியபோது கொடுத்துவிட்டுப் போன கம்ஃபோர்ட்டர். உறை போடாமல் ஐந்து மாதம் போர்த்தியிருக்கிறாள். முந்தின இரவு மூன்று வயது மகன் கட்டிலில் இருந்து சோறு சாப்பிட்டவன், பருப்புக் கறியை அப்படியே அதில் கவிழ்த்துவிட்டான். இவள் உடுப்புச் சவர்க்காரக் கட்டியை எடுத்துத் தேய்த்திருக்கிறாள். மஞ்சள் கறை சிவந்துபோயிற்று.

"இரத்தம் மாதிரி வந்திட்டுது அன்ரி. பயந்திட்டன்."

"உள்ளுக்கு வா. முதல் தேத்தண்ணி குடி."

பனி உருகத் தொடங்கினால் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் என் குசினிக்கு வந்துவிடுவார்கள். பதில் ஒரு வரியில் முடிவதில்லை. தோய்க்கலாம்தான். ஆனால் தோய்ப்பது அரை மணி நேர வேலை, காய வைப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாள் கையில் இல்லாதவர் தொடாமல் விடுவது நல்லது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினேன். போர்வையின் ஓரத்தில் தையல் வழியாக வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. வழக்கமாக அதை இழுக்கக் கூடாது. இழுத்தால் அது பெரிதாக்கிய வழியால் பின்னுக்கு இன்னும் நாலு வரும். விரலால் துணியின் மறுபக்கத்திலிருந்து பிடித்து உள்ளே வாங்கிவிட வேண்டும். ஆனால் அன்றைக்குப் பாடம் என்பதால் ஒன்றை இழுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். இறகு என்றால் நடுவில் ஒரு தண்டு இருக்கும், இரண்டு பக்கமும் இழைகள் தட்டையாக விரியும். இதில் தண்டு கிடையாது. ஒரு புள்ளியிலிருந்து நாலு பக்கமும் இழை புறப்பட்டு, எருக்கலம் விதையின் பஞ்சு போல உருண்டு நிற்கிறது. அவள் கிட்டக் குனிந்து பார்த்தாள். மூச்சுப் பட்டதும் கையை விட்டு எழும்பிப் போய்விட்டது.

வாத்துக்கும் தாராவுக்கும் வெளி இறகுக்கு அடியில், தோலோடு ஒட்டி இருக்கும் உள்ளாடை இது. ஆங்கிலத்தில் டவுன் என்பார்கள். கனடாக் கடைகளில் 'டூவே' என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் முதற்பொருள் இதுதான். நமக்கும் சொல் இருக்கிறது: தூவி. நெடுநல்வாடையில் நக்கீரர் அரசியின் கட்டிலை வர்ணிக்கும்போது அன்னத்தின் தூவி பரப்பிய அணையைச் சொல்கிறார். வாடைக் காற்றைப் பற்றிய பாட்டில் தூவி மெத்தை வருவது பொருத்தம்தான். அந்த மெத்தையை யார் தோய்த்தார்கள் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தூவிக்கு என்று தனியாக ஒரு சூடு கிடையாது. அது காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். இழைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் இடையில் கோடிக்கணக்கான சின்ன அறைகள் உண்டாகின்றன. அந்த அறைகளில் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. கடையில் போர்வைப் பையின்மேல் 600, 700, 800 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம் சொச்சம், எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதன் கணக்கு அது. எண் கூடினால் அதே பாரத்துக்கு அதிகக் காற்று. ஆகவே போர்வையைக் கெடுப்பது என்றால் இந்த அறைகளைக் குலைப்பதுதான். அழுக்கும் உடம்பு எண்ணெயும் குலைக்கும். தவறான சவர்க்காரம் குலைக்கும். ஈரம் எல்லாவற்றையும்விட மோசமாகக் குலைக்கும்.

இந்தத் தூவி வெளியே வராமல் காப்பது நெருக்கமாக நெய்த துணி. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச் என்பவர், ஐடர் வாத்தின் தூவியை ஆகாய பலூன் துணிக்குள் அடைத்து ஒரு மேலங்கி தைத்துப் போட்டுக்கொண்டு போனார். கூடப் போன கனவான்கள் ட்வீட் கோட்டு போட்டவர்கள், முதலில் சிரித்தார்கள். மலையில் குளிர் பிடித்ததும் சிரிப்பு பொறாமையாக மாறிவிட்டது. ஃபின்ச் தொழிலால் வேதியியலாளர். காற்றைப் பிடிக்கும் பொருளைக் காற்றுப் புகாத துணிக்குள் வைத்தார். நம் கட்டிலில் கிடப்பதும் அதே யோசனைதான்.

பிள்ளை பாதி கேட்டுக்கொண்டு கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறைக்கு வந்தேன்.

மஞ்சள் காரத்தில் சிவக்கும். சுண்ணாம்போடு சேர்த்தால் குங்குமம் ஆவது அப்படித்தான். அவள் தேய்த்த சவர்க்காரக் கட்டி காரமானது என்பதற்குக் கறையே சாட்சி சொல்லிவிட்டது. வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஒரு துணியால் ஒற்றினேன். சிவப்பு பின்வாங்கிப் பழையபடி மஞ்சளானது. அவளுக்குப் பாதி உயிர் வந்தது. மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் நிறம் சூரிய வெளிச்சத்தில் நிற்காது.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு விஷயம். தூவி, தலைமயிர், நகம், கம்பளி எல்லாம் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம். அதற்குக் காரம் ஆகாது. மஞ்சளைச் சிவக்க வைக்கிற சவர்க்காரம் தூவிக்கு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று, சாதாரண உடுப்புத் திரவங்கள் பலவற்றில் புரதக் கறையைத் தின்பதற்கென்றே நொதி சேர்த்திருப்பார்கள். இரத்தம், முட்டை, பால் கறைக்கு அது நல்லது. போர்வைக்குள்ளே இருப்பதும் புரதம் என்பது அந்த நொதிக்குத் தெரியாது. குளோரின் ப்ளீச் இன்னும் கொடியது, கெரட்டினைக் கரைத்தே விடும். துணி மென்மையாக்கி என்று விற்கிற வாசனைத் திரவம் இழைகளுக்கு மேல் ஒரு மெழுகுப் பூச்சைப் பூசும். இழை ஒட்டிக்கொண்டால் காற்றறை போயிற்று. மலையேறுகிற சாமான் விற்கும் கடையில் தூவிக்கென்றே சவர்க்காரம் கிடைக்கும். இல்லாவிட்டால் கம்பளிக்கு விற்கும் திரவம். அதுவும் வழக்கமாக ஊற்றுவதில் பாதி. சவர்க்காரம் குறைந்து கெட்ட தூவிப் போர்வையை நான் பார்த்ததில்லை. கூடிக் கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

"ஊரில தலகணியை நாங்கள் தோய்க்கிறதே இல்லை அன்ரி. முத்தத்தில வெயிலில போட்டு, தடியால நாலு அடி."

அது இலவம் பஞ்சுக்குச் சரி. இலவம் பஞ்சைத் தோய்த்தால் கட்டிபட்டுப் போகும், பிறகு எழும்பாது. தூவி வாத்தின் உடம்பிலிருந்து வந்தது. தண்ணீரில் வாழ்ந்த பிராணியின் உடுப்பு, சரியாகக் காய்ந்தால் திரும்ப எழும்பும். ஆனால் ஊர்ப் பழக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் காலையில் எழும்பியதும் போர்வையை ஜன்னலில் தொங்கவிடுவார்கள், இரவு வேர்வை பறந்துபோகட்டும் என்று. உறை போட்டு, உறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோய்த்து, போர்வையைக் காற்றாட விட்டால், உள்போர்வையை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தோய்த்தால் போதும். நான் உறையைப் பற்றிச் சொல்லும்போது அவள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கதையையும் சொன்னேன். 1993இல் நாங்கள் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். வீட்டுக்காரருடைய மெஷின் மேலே மூடி திறக்கிற வகை, நடுவில் ஒரு தூண் நின்று திருகும். அதற்குள் போர்வையை மிதித்துத் திணித்தேன். தூண் திருகியதில் உள்தையல் இரண்டு இடத்தில் அறுந்து, தூவி எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தை ட்ரையரில் ஒரு மணி நேரம் சுட வைத்தேன். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி அலுமாரியில் வைத்தேன். ஒக்டோபரில் பையைத் திறந்தபோது வந்த பூஞ்சண மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. குப்பைக்குத்தான் போனது. அந்தப் போர்வைக்கு நான் கொடுத்தது ஒரு கிழமைச் சம்பளம்.

தேத்தண்ணி முடிந்ததும் லேபிளைப் பார்த்தோம். தொட்டிப் படத்துக்குள் 40 என்று இருந்தது: நாற்பது பாகை செல்சியஸ் வரை தண்ணீரில் தோய்க்கலாம். முக்கோணத்தில் குறுக்குக் கோடு: ப்ளீச் ஆகாது. சதுரத்துக்குள் வட்டம், அதற்குள் ஒரு புள்ளி: ட்ரையரில் போடலாம், குறைந்த சூடு. தொட்டிப் படத்திலேயே குறுக்குக் கோடு இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். மேல்துணி பட்டாக இருந்தால் அப்படிப் போட்டிருப்பார்கள்.

பிறகு நிலத்தில் விரித்து ஓட்டை தேடினோம். இது சோம்பல் படக் கூடாத இடம். தையல் ஓர் அங்குலம் விட்டிருந்தால் மெஷினுக்குள் அது ஒரு முழமாகும். ஈரத் தூவி தண்ணீர் போகிற குழாயில் போய் அடைத்தால் பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் புதுப் போர்வையே வாங்கலாம். ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. ஊசியால் நெருக்கமாகத் தைத்தாள். என்னைவிட நன்றாகத் தைக்கிறாள்.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன், அவள் சிரித்துவிட்டாள். குளியலறைத் தராசைக் கொண்டு வந்து அவளை ஏறச் சொன்னேன். பிறகு போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னேன். வித்தியாசம் 2.3 கிலோ. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, தராசையும் பையில் போட்டுக்கொண்டேன்.

"லோண்டரிக்குத் தராசு எதுக்கு அன்ரி?"

"சொல்லுறன், வா."

வீட்டு மெஷின் முன்பக்கம் திறக்கிறதாக இருந்து, போர்வையைப் போட்ட பிறகும் கை நுழைய இடம் இருந்தால் வீட்டிலேயே தோய்க்கலாம். எங்கள் கட்டட மெஷினில் அந்த இடம் கிடையாது. ஆகவே தெருமுனைக் காசு லோண்டரி. அங்கே நாலு மடங்கு பெரிய மெஷின்கள் வரிசையாக நிற்கும்.

போடுவதற்கு முன் போர்வையை மேசையில் இறுக்கமாக, பாய் சுருட்டுவது போலச் சுருட்டச் சொன்னேன். காற்றைப் பிடிக்கிற சாமான் அல்லவா? காற்றோடு போட்டால் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். நடுப்பகுதி நனையவே மாட்டாது. இளஞ்சூட்டுத் தண்ணீர், மென்மையான சுற்று, ஒரு மூடிக்கும் குறைவான சவர்க்காரம். அது முடிந்ததும் சவர்க்காரம் இல்லாமல் வெறுந்தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசல். உள்ளே தங்குகிற சவர்க்காரம் காய்ந்த பிறகு இழைகளை ஒட்டவைக்கும். கடைசி அலசலில் கண்ணாடிக் கதவில் நுரை தெரிந்தால் இன்னொரு அலசல் போடத்தான் வேண்டும். பிறகு ஒரு பிழிச்சல்.

கதவைத் திறந்ததும் அவளுடைய முகம் விழுந்துவிட்டது. மூட்டையாகப் போனது, நனைந்த பூனை போலச் சுருங்கிக் கிடந்தது. நனைந்த வாத்து மணம் வேறு.

"பழுதாப் போச்சு என்ன?"

இல்லை. ஈரத்தில் தூவி இழைகள் தண்ணீரால் ஒட்டிக் கட்டியாகும். குளித்துவிட்டு வந்த தலைமயிர் திரிதிரியாக நிற்பது போல. மணமும் ஈரத் தூவியின் இயல்பு, காய்ந்ததும் போகும். இந்தக் கட்டத்தில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: ஒரு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தண்ணீர்ப் பாரம் முழுவதும் உள்தையலில் தொங்கி அறுத்துவிடும். தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல, இரண்டு கையையும் அடியில் கொடுத்து அள்ள வேண்டும். அள்ளிக்கொண்டு தராசில் ஏறினாள். 3.9 கிலோ. பிழிந்த பிறகும் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர்.

இனித்தான் வேலை. இருப்பதிலேயே பெரிய ட்ரையர், குறைந்த சூடு, கூட மூன்று ரெனிஸ் பந்து. பந்தின் சாயமும் ரப்பர் மணமும் ஏறாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சுத்தமான காலுறைக்குள் போட்டு முடிந்திருந்தேன். பந்து போர்வையில் விழுந்து விழுந்து கட்டிகளை உடைக்கும். முத்தத்தில் தடியால் அடிக்கிற அதே வேலை, இங்கே மெஷினுக்குள் நடக்கிறது. அவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

சூட்டைக் கூட்டினால் கெதியாக முடியும் என்று தோன்றும். முடியாது. சூடு கூடினால் வெளித்துணியும் கட்டியின் வெளிப்புறமும் மளமளவென்று காயும். கட்டியின் நடுவில் தண்ணீர் அப்படியே நிற்கும். கெரட்டின் அதிகச் சூட்டில் உடையக்கூடியதாகிவிடும், மயிரை இஸ்திரிப் பெட்டியால் சுட்டது போல. குறைந்த சூடும் நீண்ட நேரமும்தான் வழி.

அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி வெளியே எடுத்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து உதறினோம். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். இந்த வித்தையை யாரும் சொல்லித் தருவதில்லை. வெளிச்சத்தில் உள்தையல் பிரித்த ஒவ்வொரு கட்டமும் தெரியும். தூவி விரிந்த கட்டம் ஒரே சீராக வெளுப்பாக இருக்கும், கட்டி இருக்கிற கட்டத்தில் நிழல் விழும். நிழல் விழுந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, புட்டு உதிர்ப்பது போல விரலால் உதிர்த்துவிட வேண்டும். முதல் தடவை ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் நிழல். மூன்றாம் தடவை ஏழு எட்டு.

இரண்டு மணி நேரம் ஓடியதும் அவள் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பொங்கி எழும்பி, சூடாக, பார்க்க அழகாக இருந்தது.

"காய்ஞ்சிட்டுது அன்ரி. போவமா?"

தராசில் ஏறச் சொன்னேன். 2.7.

காலையில் எவ்வளவு? 2.3. மிச்சம் நானூறு கிராம் எங்கே நிற்கிறது? சூடு ஏறிய துணி கையை ஏமாற்றிவிடும், ஈரத்தைக் காட்டாது. நாங்கள் காலையில் குடித்த கோப்பைக் கணக்கில் இரண்டு கோப்பைத் தண்ணீர் இன்னும் அந்தப் போர்வைக்குள்ளே இருந்தது. 1993இல் நான் கட்டி வைத்ததும் இப்படி ஏதோ இரண்டு கோப்பையைத்தான். அன்றைக்கு என்னிடம் தராசு இருந்தது. ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை.

அவள் ஒன்றும் பேசாமல் போய் மெஷினில் காசு போட்டாள்.

சில்லறைக் கேள்விகள் அந்த இடைவேளையில் வந்தன. ட்ரையர் இல்லாமல் வெயிலில் காய வைக்கலாமா? யூலை மாதம் இரண்டு மூன்று நாள் விடாத வெயில் கிடைத்து, மணிக்கு ஒருமுறை புரட்டி உதிர்க்க ஆளும் இருந்தால் முடியும். ஏப்ரல் ரொறன்ரோவில் முடியாது. ட்ரையர் கிடைக்காவிட்டால் தோய்க்காதே என்பதுதான் என் கட்சி. குளிப்புத் தொட்டியில் தோய்க்கலாமா? தோய்க்கலாம், காலால் மெதுவாக மிதித்து. ஆனால் பிழிய மெஷின் இல்லாமல் அதைத் தூக்கிப் பார், அப்போது தெரியும். அலசி முடிக்க இடுப்பு விட்டுவிடும். சிந்தெட்டிக் பஞ்சு அடைத்த கம்ஃபோர்ட்டருக்கும் இதே கதையா? இல்லை, அது கெதியாகக் காயும், இவ்வளவு கொஞ்சல் வேண்டாம்.

நாலாவது மணி முடிவில் வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரே ஒரு கட்டத்தில் நிழல் இருந்தது. உதிர்த்துவிட்டு இன்னோர் அரை மணி ஓட்டினோம். தராசு 2.3 காட்டியது. முகத்தை உள்ளே புதைத்து மணந்து பார்த்தாள், வாத்து போய்விட்டிருந்தது. அந்த மணம் கொஞ்சம் மிஞ்சினாலும் ஈரம் மிஞ்சுகிறது என்றுதான் பொருள். லோண்டரியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு முதிய சீனப் பெண்மணி காலையிலிருந்து எங்கள் தராசு நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசி எண்ணைப் பார்த்ததும் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

பருப்புக் கறை வெளிறிய மஞ்சளாக இன்னும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்கனிக் கண்ணாடியோரம் வெயில் விழுகிற இடத்தில் அந்த மூலையை விரித்து வைக்கச் சொன்னேன். வேறு எங்கும் மடித்து வைக்காதே, இரண்டு நாள் கட்டிலில் அகல விரித்துக் கிடக்கட்டும். பிறகு அலுமாரியில் வைப்பதென்றால் பருத்தித் துணிப் பை, பிளாஸ்டிக் வேண்டாம் என்றும் சொன்னேன்.

வருகிற வழியில் இருபத்தெட்டு டொலருக்கு ஓர் உறை வாங்கினாள்.